பன்றியின் இரத்தத்தில் நான்கு நாள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டுவதற்காக இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். அந்த நீர் பாயும் வயல்களில் நெல் விளைகிறது. நகரியத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் சென்றால் வயலில் கொக்கையும் ஊரோரத்தில் பன்றிகளையும் பார்க்கலாம். இவற்றினிடையே கொசுவின் வழியாகச் சுற்றிவருவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ். இயற்பியல் ஆசிரியருக்குப் பன்றியோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது பூட்டும் சாவியும் பற்றிய கதை.

இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1955-இல் வேலூரில் கண்டறியப்பட்டது. நெய்வேலியை உள்ளடக்கிய அன்றைய தென்னாற்காடு மாவட்டத்திலும் பல குழந்தைகளைத் தாக்கியது.

ஒரு மில்லிமீட்டரை 20,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் இந்த வைரஸின் குறுக்களவு. அதன் மேல் உறைப்புரத மூலக்கூறுகள் 180, ஓடு வேய்ந்தாற்போல் படிந்திருக்கின்றன. உயிரணுவைப் பற்றிக்கொள்வது இந்தப் புரதமே. உயிரணு வைரஸை உள்ளிழுத்ததும், அங்குள்ள அமிலத்தன்மை பட்டு இப்புரதம் வடிவம் மாறுகிறது, பூட்டு திறக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ. வெளிப்பட்டு, உயிரணுவையே தன் நகல்களைச் செய்யும் பட்டறையாக்கிவிடுகிறது.

கொசு கடித்த சில நாள்களில் பன்றியின் இரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகி, ஏறத்தாழ நான்கு நாள் வரை நிற்கும். பன்றியோ வழக்கம்போல் மேய்ந்துகொண்டிருக்கும்; சினைப் பன்றிக்குத்தான் குட்டிகள் செத்துப் பிறக்கக்கூடும். இதற்குள் வெள்ளணுக்கள் உறைப்புரதத்தின் வடிவத்திற்குப் பொருந்தும் எதிர்ப்பொருள்களைச் செய்யத் தொடங்குகின்றன. முதலில் வருவது ஐ.ஜி.எம்., பின்னால் வருவது ஐ.ஜி.ஜி. சாவியின் பற்களில் மெழுகை அப்பினால் பூட்டு திறக்குமா? அப்படித்தான் வைரஸ் செயலிழக்கிறது. பன்றி பிழைத்தது. ஆனால் அந்த நான்கு நாளில் அதன் இரத்தத்தைக் குடித்த கொசுக்கள்?

வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு மாட்டைத்தான் அதிகம் கடிக்கிறது. ஆயினும் மாட்டின் உடலிலும் மனித உடலிலும் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு இந்த வைரஸ் பெருகுவதில்லை. பன்றியிலும் கொக்கு, நாரை போன்ற பறவைகளிலும்தான் பெருகுகிறது.

ஊர்ப் பன்றிகள் எல்லாம் எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா? தீராது. வளர்ந்த பன்றி இறைச்சிக்குப் போய்விடுகிறது. ஓர் ஈற்றுக்குப் பல குட்டிகள் பிறக்கின்றன. சீம்பாலில் கிடைத்த தாயின் எதிர்ப்பொருள் சில மாதங்களில் குட்டியின் உடலிலிருந்து மறைந்துவிடுகிறது. பாதுகாப்பற்ற புதுக் குட்டிகள் ஊரில் எப்போதும் உண்டு.

அக்குட்டிகளே நமக்குக் காவலாளிகளாகவும் உதவுகின்றன. ஐ.ஜி.எம். சில வாரங்களே நிற்கும். ஆகவே குட்டியின் இரத்தத்தில் அது தென்பட்டால், வைரஸ் அண்மையில்தான் ஊருக்குள் வந்திருக்கிறது என்று பொருள்.

வைரஸ் தொற்றும் மனிதர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் உங்கள் வயதினர் அல்லது உங்கள் தம்பி தங்கை. மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கலாம்; பிழைத்தவர் பலருக்கும் வலிப்பு, கைகால் விளங்காமை போன்றவை நிலைத்துவிடும். ஆகவேதான் வலுவிழக்கச் செய்த வைரஸைக் கொண்ட தடுப்பூசியை, 2006 முதல் நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். உறைப்புரதத்தை உடலுக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்தும் ஏற்பாடு அது.

பன்றிக்கே ஊசி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் தாயின் எதிர்ப்பொருள் உள்ளவரை குட்டிக்கு அது சரியாகப் பலிக்காது. அது பலிக்கும் வயது வருவதற்குள் அடுத்த ஈற்றுக் குட்டிகள் பிறந்துவிடும்.