குடிமராமத்தில் எழுந்த மைதானம்

பெர்லினின் தென்கிழக்கு ஓரத்தில், காட்டை ஒட்டி இருக்கிறது கோப்பெனிக். 2008 கோடையில் அங்குள்ள கால்பந்து மைதானத்துக்கு ரசிகர்கள் வரத் தொடங்கினார்கள். பார்க்க ஆட்டம் ஏதும் இல்லை. உதிர்ந்துகொண்டிருந்த பழைய படிகளைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகக் கான்கிரீட் போட வந்தவர்கள் அவர்கள். தொழில் தெரிந்தவர்கள் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள், தெரியாதவர்கள் சுமந்தார்கள். கூலி கிடையாது. ஏரி தூர்வார ஊரே கூடும் நம் குடிமராமத்துதான், ஏரி இருக்க வேண்டிய இடத்தில் மைதானம்.

அங்கே ஆடிவந்த கிளப் யூனியன் பெர்லின். அதே கோடையில்தான் ஜெர்மனியில் ஒரு புதிய லீகும் பிறந்தது.

இரண்டு ஒன்றானது

ஜெர்மன் கால்பந்தில் முதல் இரண்டு படிகள் நாடு தழுவியவை. மூன்றாவது படி மட்டும் 2008 வரை வடக்கு, தெற்கு என்று இரு பிரிவாகக் கிடந்தது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அதைக் கலைத்து, 20 அணிகள் கொண்ட ஒரே தொழில்முறை லீகாக மாற்றியது. ஆளுக்கு 38 ஆட்டம். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேரே மேலே போகலாம். மூன்றாம் இடத்துக்காரர், மேல் டிவிஷனில் கடைசிக்கு மூன்றாவதாக வந்தவரோடு மோத வேண்டும். கடைசி மூவர் கீழே இறங்க வேண்டும் என்பது அன்றைய விதி. பெயரிலும் அலங்காரம் இல்லை: ‘டிரிட்டே லிகா’, அதாவது மூன்றாம் லீக்.

2008 ஜூலை 25 அன்று எர்ஃபர்ட் நகரில் முதல் ஆட்டம். டைனமோ டிரெஸ்டன் எர்ஃபர்ட் அணியை 1-0 என்று வென்றது. லீகின் முதல் கோலை அடித்தவர் ஹலில் சவ்ரான். ஆடிய இரண்டும் பழைய கிழக்கு ஜெர்மனியின் கிளப்புகள். அவற்றோடு யெனா, அவ்வே, யூனியன் பெர்லின் என்று கிழக்கத்திய கிளப்புகள் மொத்தம் ஐந்து. 1990-ல் நாடு ஒன்றானதும் நல்ல ஆட்டக்காரர்களும் பணமும் மேற்கே போய்விட, ஒரு காலத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் இந்த மூன்றாம் படியில் வந்து சந்தித்துக்கொண்டார்கள்.

பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளும் மூன்று இருந்தன. விதிப்படி அவை இதற்கு மேல் ஏற முடியாது. இளைஞர்களைப் பதப்படுத்தத்தான் அவற்றுக்கு இந்த லீக். பேயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணியில் அந்த சீசனில் 19 வயதைத் தொட்ட ஒருவர் 15 கோல் அடித்தார். அடுத்த ஆண்டே, 2010 உலகக் கோப்பையில், 5 கோல்களோடு தங்கக் காலணி வாங்கிய தாமஸ் முல்லர்தான் அவர்.

எதிரி வீட்டில் குடித்தனம்

சொந்த மைதானத்தில் கான்கிரீட் காய்ந்துகொண்டிருக்க, யூனியன் அந்த சீசனின் உள்ளூர் ஆட்டங்களை யான் ஸ்போர்ட்பார்க்கில் ஆடியது. பெர்லின் சுவர் நின்ற இடத்தை ஒட்டிய அரங்கம் அது. அங்கே கோலோச்சிய அணி பி.எஃப்.சி. டைனமோ, ரகசியப் போலீஸ் தலைவர் எரிக் மீல்கேயின் செல்லப் பிள்ளை, கிழக்கு ஜெர்மனியில் 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை சாம்பியன். ஃப்ரீ கிக்கைத் தடுக்க எதிரணி வரிசை கட்டும்போதெல்லாம் “சுவர் ஒழிக” என்று கத்திய கூட்டம் யூனியனுடையது என்று சொல்வார்கள். அந்தக் கூட்டம் எதிரியின் வாசலுக்கே வாடகைக்குப் போனது.

வார நாளில் கட்டட வேலை, வார இறுதியில் ஆட்டம் என்று வருடம் ஓடியது. சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை ஏறத்தாழ ஓராண்டு இழுத்தது. 2,000-க்கு மேற்பட்டவர்கள் கொடுத்த உழைப்பு சுமார் 1,40,000 மணி நேரம். பயிற்சியாளர் ஊவே நாய்ஹவுஸின் அணியும் சளைக்கவில்லை. 2009 மே 10 அன்று ரேகன்ஸ்பர்கை 2-0 என்று வென்று மேல் டிவிஷனை உறுதி செய்தது; சாம்பியனும் ஆனது. இரண்டாம் இடம் டுசெல்டார்ஃப் நகரின் ஃபோர்ச்சூனாவுக்கு. அதன் கடைசி ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 50,000-க்கும் மேல், அதுவும் மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்கு! மூன்றாவதாக வந்த பாடர்போர்ன், ஓஸ்னாபுரூக்கை இரண்டு ஆட்டங்களிலும் வீழ்த்தி ஏறியது.

பட்டியலில் இல்லாத பலம்

கீழ் டிவிஷனில் புள்ளிப் பட்டியல் பாதிக் கதைதான். வடகடல் ஓரத்துச் சிறு நகரமான எம்டனின் கிக்கர்ஸ் அணி அந்த சீசனில் ஆறாவதாக வந்தது. ஆனால் அடுத்த சீசனுக்கான உரிமத்தைப் பணப் பிரச்சினையால் தானே கைவிட்டு, அமெச்சூர் லீகுக்குப் போனது. அதனால் 18-வதாக வந்து இறங்கவேண்டிய புர்க்ஹவுசன் தப்பித்தது. ஆறாவது அணி வெளியே, பதினெட்டாவது அணி உள்ளே. தொழில்முறை லீக் என்ற பெயரோடு வரும் செலவைத் தாங்க, பந்தை உதைக்கும் பதினோரு பேர் போதாது.

அந்தப் பாடத்தை யூனியன் முன்பே படித்திருந்தது. 2004-ல் உரிமத்துக்குப் பணமில்லாதபோது ரசிகர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்பிடம் சேர்த்தார்கள். நான்கு ஆண்டு கழித்து வியர்வையைக் கொடுத்தார்கள். எம்டனில் இல்லாமல் போனது, கோப்பெனிக்கில் காசில்லாமலே கிடைத்தது.

2009 ஜூலை 8 அன்று புதிய மைதானம் திறந்தது. விருந்தாளி, நகரத்தின் பெரிய கிளப்பான ஹெர்த்தா. யூனியன் 3-5 என்று தோற்றது.

2019-ல் முதல் டிவிஷன், 2023-ல் சாம்பியன்ஸ் லீக் என்று யூனியன் ஏறியது. சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தைப் பார்க்க விரும்பியவர்கள் ஏராளம். ரசிகர்கள் கட்டியதோ சிறிய மைதானம், பெரும்பாலும் நின்று பார்க்கும் படிகள். அதனால் ஹெர்த்தா ஆடும் ஒலிம்பிக் அரங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். மறுபடியும் அடுத்தவர் வீடு. உள்நாட்டு ஆட்டத்துக்கு மட்டும் கோப்பெனிக் திரும்பி, தாங்கள் கான்கிரீட் ஊற்றிய படியில் நின்றுகொண்டார்கள்.