மின்னூலின் விலை யார் கையில்?

இலங்கையின் ஊவா மாகாணத்திலுள்ள பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாளின் அடிப்படைச் சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாக உயர்ந்தது; அப்போது அமேசனில் 14.99 டொலருக்கு விற்கப்பட்ட ஆங்கில மின்னூலொன்றோ, டொலர் ஏறத்தாழ 300 ரூபா என்ற கணக்கில் 4,500 ரூபாவாகி, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பதியப்படும் மூன்று ‘பேருக்கு’ மேல், அதாவது மூன்று நாள் உழைப்புக்கு மேல், கேட்டது. காகிதமும் அச்சும் இல்லாத நூலுக்கு இவ்விலை வந்த கதையின் பெரும்பகுதி 2010 இல் நிகழ்ந்தது.

அதற்கு முன் நிலவிய மொத்த விற்பனை முறையில், பதிப்பகம் நூலைக் கடைக்கு ஒரு தொகைக்குக் கொடுத்துவிட, வாசகர் செலுத்தும் விலையைக் கடையே தீர்மானித்தது. புதிய நூல்கள் பலவற்றை அமேசன் நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு 9.99 டொலருக்கு விற்றது இவ்வாறுதான். இதனால் அச்சுநூலின் மதிப்பும் சரியும் என்று அஞ்சிய ஐந்து பெரும் பதிப்பகங்கள் அப்பிள் நிறுவனத்துடன் சேர்ந்து முகவர் முறைக்கு, அதாவது விலையைப் பதிப்பகம் குறிக்க, கடை நூற்றுக்கு 30 பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாறியபோது, பல நூல்கள் 12.99, 14.99 டொலர் என ஏறின. 2012 இல் அமெரிக்க நீதித் திணைக்களம் தொடுத்த வழக்கில், அப்பிள் இக்கூட்டுச் சதியில் பங்கேற்றது என்று நீதிபதி டெனிஸ் கோட் 2013 இல் தீர்ப்பளித்தார். அந்நிறுவனம் 45 கோடி டொலர் செலுத்த நேர்ந்தது. எனினும் குற்றமாகக் கொள்ளப்பட்டது கூட்டுச் சேர்ந்தமையே அன்றி முகவர் முறையன்று என்பதால், சில ஆண்டுகளில் பெரும் பதிப்பகங்கள் தனித்தனி ஒப்பந்தங்களால் அதற்கே திரும்பின. எனவே முதற்பொறுப்பு பதிப்பகங்களையே சாரும். எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், செம்மையாக்குநர் ஆகியோரின் ஊதியம் மின்னூலிலும் குறைவதில்லை என்ற அவற்றின் வாதம் நியாயமானது; ஆனால் அது ஊவாவின் வாசகர் டொலர் விலையைச் செலுத்த வேண்டியிருப்பதை நியாயப்படுத்தாது.

2022 இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, பதிப்பகம் ஒரு சதமும் கூட்டாமலே நூலின் விலை இங்கு ஒன்றே முக்கால் மடங்கானது. அந்தப் பங்குக்கு நாட்டின் நிதி நிர்வாகமே பொறுப்பு.

2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து, மலையக நூல்களை இலவசமாக வாசிக்கத் தருவது பெரும்பேறு. ஆயினும் புதிய நூலின் எழுத்தாளருக்கு ஊதியம் கிடைக்க விற்பனையும் வேண்டும். இந்தியாவுக்கு இந்திய ரூபாவில் தனி விலை குறிக்கும் பதிப்பகங்கள், இலங்கையின் சம்பளத்தைக் கருத்திற்கொண்டு இங்கும் ஒரு விலையைக் குறிப்பதற்கு மனமின்மையைத் தவிர வேறு பெரிய தடை தென்படவில்லை.