இறக்கத்தில் பிரேக் ஏன் சோர்கிறது?

ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு இறங்கும் மலைப்பாதையில் பிரேக்கின் உண்மையான வேலை, வெப்பத்தைக் காற்றில் கரைப்பதுதான். 10 தொன் எடையுள்ள வண்டி 500 மீற்றர் கீழிறங்கும்போது ஏறத்தாழ 5 கோடி ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 150 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அத்தனையையும் பிரேக்கே சுமந்தால், டிரம் பிரேக்கில் மூடிய டிரம்முக்குள் சூடு சிக்கிக்கொள்கிறது. டிரம் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவைவிட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. டிஸ்க் பிரேக்கின் தட்டோ திறந்தவெளியில் சுழல்கிறது. விரிந்தாலும் தன்னை அழுத்தும் பேடுகளை நோக்கியே விரிகிறது. ஆகவே பாரம் சுமக்கும் டிரெய்லருக்கு, மலைநாட்டில் டிஸ்க்கே பொருத்தம் என்பேன்.

செலவு அதிகமே என்பார்கள், உண்மைதான். டிரம்மில் சுழற்சியே ஷூவை இழுத்து அழுத்த உதவும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். பழைய ஹைட்ராலிக் அமைப்பில் டிஸ்க்கை மட்டும் மாட்டுவது ஆபத்து. 'சின்ன கியரில் இறங்கினால் போதாதா?' என்ற கேள்வியும் நியாயமானதே. அந்தப் பழக்கம் எந்தப் பிரேக்குக்கும் அவசியம், டிஸ்க்கும் எல்லையின்றிச் சூடு தாங்காது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் திடீரென நிறுத்த நேரும்போது எஞ்சின் மட்டும் வண்டியை நிறுத்தாது. அந்த நொடியில் ஆறியிருக்கும் பிரேக்தான் உயிரைக் காக்கும்.