வெண்கலக் குரல்

கணீரென்று பேசுபவருக்கு ‘வெண்கலக் குரல்’ என்கிறோம். செம்புக் குரல், பித்தளைக் குரல் என்று யாரும் சொல்வதில்லை. ஏன் தெரியுமா? லண்டன் நகரில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக மணிகளை வார்த்து வந்த ஒரு தொழிற்சாலையின் கதையில் இதற்கு விடை இருக்கிறது.

அதன் பெயர் ஒயிட்சாப்பல் மணி வார்ப்பாலை. ராபர்ட் மாட் என்ற வார்ப்பாளர் காலத்திலிருந்து, அதாவது 1570 முதல், அதன் வரலாறு கணக்கிடப்படுகிறது.

செம்பு மென்மையான உலோகம். அதைத் தட்டினால் ஒலி விரைவில் மங்கிவிடும். செம்புடன் துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். மணிக்கான வெண்கலத்தில் நூற்றுக்கு 22 அல்லது 23 பங்கு வெள்ளீயம் இருக்கும். அப்போது உலோகத்தினுள் மிகக் கடினமான ஒரு சேர்மம் உண்டாகிறது. அடியின் ஆற்றல் உள்ளேயே வெப்பமாகி வீணாவது குறைகிறது. மணி நெடுநேரம் அதிர்கிறது. ஆனால், அதே சேர்மம் மணியை எளிதில் உடையக்கூடியதாகவும் ஆக்கிவிடுகிறது.

இதனால் வந்த தொல்லைகள் பல. 1752-இல் இங்கிருந்து அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு ஒரு மணி சென்றது. சோதனைக்காக அடித்தபோதே விரிசல் விட்டது. அவ்வூர் வார்ப்பாளர்கள் இருவர் அதை உருக்கி, செம்பை மிகுதியாகச் சேர்த்து மீண்டும் வார்த்தனர். மணி உறுதியாயிற்று, ஆனால் ஒலி கெட்டது! 1753-இல் மறுபடியும் உருக்கி வார்க்க வேண்டியதாயிற்று. அதுவே பின்னாளில் ‘விடுதலை மணி’ என்று புகழ் பெற்றது.

1858 ஏப்ரலில் லண்டன் பாராளுமன்றக் கடிகாரத்திற்காகப் ‘பிக் பென்’ மணி இங்கே வார்க்கப்பட்டது. எடை சுமார் 13.7 டன். உருகிய உலோகம் அச்சை நிரப்ப 20 நிமிடங்கள் ஆயின. ஆறுவதற்கோ 20 நாட்கள்! 16 குதிரைகள் அதை இழுத்துச் சென்றன. 1859 ஜூலையில் ஒலிக்கத் தொடங்கிய மணி, செப்டம்பரிலேயே விரிசல் கண்டது.

குற்றம் யாருடையது? வார்ப்பில் குறை என்றார் மணியை வடிவமைத்த டெனிசன். சொன்ன எடையைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட சம்மட்டியால் அடித்ததே காரணம் என்றது வார்ப்பாலை. சண்டை நீதிமன்றம் வரை போயிற்று, டெனிசன் தோற்றார்.

மணியைக் காப்பாற்ற வழி சொன்னவர் வானியல் அறிஞர் ஜார்ஜ் ஏரி. விரிசல் இல்லாத இடத்தில் அடி விழுமாறு மணியைச் சற்றுத் திருப்பினார்கள். விரிசல் மேலும் ஓடாதிருக்க அங்கே ஒரு சிறு சதுரத்தை வெட்டி எடுத்தார்கள். இலேசான சம்மட்டியைப் பொருத்தினார்கள். விரிசலோடுதான் பிக் பென் இன்றும் ஒலிக்கிறது. அதை வார்த்த ஆலையோ 2017-இல் மூடப்பட்டுவிட்டது.

உங்கள் வீட்டுப் பூஜை மணியை ஒரு முறை அடித்து, விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒலி சட்டென்று நின்றுவிடும். உங்கள் விரலில் உணர்ந்த அந்த நடுக்கம்தான் வெண்கலத்தின் குரல்!