எல்கடுவத் தோட்டங்களும் சூழல்சார் வாழ்முறையும்

புலம்பெயர்ந்தோர் புதிய நாட்டிற் கைக்கொள்ளும் சூழல்சார் பழக்கங்களைத் தனிமனித அறத்தின் விளைவாகக் கொள்வது பெருவழக்கு. மாத்தளை மாவட்டத்து எல்கடுவ போன்ற தோட்டப் பகுதிகளின் வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்வழி மாத்தளைக்கு நடந்துவந்த உழைப்பாளர், காடழித்து எழுந்த கோப்பித் தோட்டங்களிலும், பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். கவ்வாத்தில் வெட்டப்பட்ட தேயிலை மிலாறு அடுப்புக்கு விறகாயிற்று. மாட்டுச்சாணம் லயத்தோரக் காய்கறிப் பாத்திக்கு உரமாயிற்று. இச்சிக்கனம் விருப்பத் தேர்வன்று. குறைகூலியும் நிலமின்மையும் விதித்தது. காட்டை அழித்த மூலதனமோ இலாபத்தைக் கடல்கடந்து கொண்டுசென்றது.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. குடியுரிமை மீண்ட பின்னரும், பெரும்பாலோர்க்கு லயத்து மண் இன்றுவரை சொந்தமன்று. நாளை வெளியேற்றப்படக்கூடியவர் நீண்டகால மரத்தை எவ்வாறு நடுவர்? சூழல் பேணல் பற்றிய வினா, அடிப்படையில் நிலவுரிமை பற்றிய வினாவேயாகும்.