பூர்வீக நிலத்திற்கு நியாயமான விலை எது?



பாலசமுத்திரம் போன்ற கிராமங்களை விட்டு நகரத்தில் குடியேறிய குடும்பங்களில் பாகப்பிரிவினைப் பேச்சு எழும்போது, "ஏக்கர் என்ன விலை?" என்னும் கேள்வியே சகோதரரைப் பிரித்துவிடுகிறது. ஊரில் இருப்பவர் விலையைக் குறைக்கிறார் என்று ஒருவரும், நகரத்தில் இருப்பவர் பேராசைப்படுகிறார் என்று மற்றவரும் எண்ணுகின்றனர். இருவருக்கும் பொதுவான சாட்சி ஒன்று உண்டு. அது அக்கம்பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திரம்.

1988-ல் சிமன்லால் ஹர்கோவிந்ததாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இம்முறையை விளக்கியது. காலத்தாலும் இடத்தாலும் நெருங்கிய உண்மையான விற்பனைகளை எடுத்து, நம் நிலத்தின் மேன்மைக்குக் கூட்டியும் குறைவுக்குக் கழித்தும் மதிப்பிட வேண்டும். சாலையோரமும் சிறிய அளவும் விலையைக் கூட்டும். உட்புறமும் பரந்த அளவும் பள்ளமும் குறைக்கும். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமும், ஒத்த நிலங்களுக்கு முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயங்களைக் கணக்கில் கொள்கிறது.

ஓர் உதாரணம் கூறுகிறேன். உமக்கு ஊரின் உட்புறத்தில் கிணற்றுடன் 2 ஏக்கர் உண்டு என்று வைத்துக்கொள்ளும். சாலையோர 20 சென்ட் மனை, சென்ட் 30,000 ரூபாய்க்கு விற்றது. கிணறில்லாத உட்புற நிலம் ஒன்றரை ஏக்கர், இவ்வாண்டு 12,000-க்குப் போயிற்று. கிணறுள்ள 2 ஏக்கர், ஈராண்டுக்கு முன் 14,000-க்குப் போயிற்று. முதலாவதை ஒதுக்கிவிடும்; அது வேறு இனம். இரண்டாவதற்குக் கிணற்றின் மதிப்பையும், மூன்றாவதற்குக் கடந்த காலத்தின் விலையேற்றத்தையும் கூட்டினால், சென்ட் ஏறத்தாழ 15,000 என்று வரும். 200 சென்ட்டுக்கு 30 லட்சம். சாலையோர விலையைப் பிடித்துக்கொண்டால் 60 லட்சம் என்று மயங்கியிருப்பீர்!

எச்சரிக்கையும் தேவை. பத்திரத்தில் எழுதிய தொகை, கைமாறிய தொகையைவிடக் குறைவாக இருக்கலாம். விற்றவரையும் வாங்கியவரையும் விசாரியும். உறவினருக்குள் நடந்த கிரயத்தையும், கடன் நெருக்கடியில் விற்றதையும் அளவுகோலாக்காதிரும். சர்வே எண்ணைக் கொடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றால், அந்நிலம் கைமாறிய விவரம் தெரியும்.

லேவியராகமம் 25-ஆம் அதிகாரமும் நிலத்தின் விலையை, யூபிலி வரை மீந்திருக்கும் விளைச்சல்களை எண்ணியே குறிக்கச் சொல்கிறது. ஆகையால், பேசுவதற்கு முன் மூன்று கிரயங்களை ஒரே தாளில் எழுதி, சகோதரர் இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.