பழைய செய்முறைப் புத்தகங்கள்: எதை நம்பி வாங்கலாம், எதில் கவனம் தேவை?

குழாய் ஒழுகுகிறதா? யூடியூபில் இரண்டு நிமிட வீடியோ போதும். அப்புறம் எதற்குச் சிலர் 40, 50 வருடங்களுக்கு முன் அச்சான கட்டுமானம், தோட்டம், தச்சு வேலை, வீட்டு வைத்தியக் கையேடுகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்? அதில் அப்படி என்ன இருக்கு? அதை அப்படியே நம்பிச் செய்யலாமா?

அந்தப் புத்தகங்களில் என்ன ஸ்பெஷல்?

லாரி பேக்கரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 1917-ல் பிறந்து, 1945-ல் இந்தியா வந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் குடியேறிய கட்டடக் கலைஞர். குறைந்த செலவில் வீடு கட்டுவது, மண் சுவர் எழுப்புவது பற்றியெல்லாம் சின்னச் சின்னக் கையேடுகள் போட்டார். படங்களை அவரே கையால் வரைந்தார்.

அவர் பரவலாக்கிய 'ராட் டிராப் பாண்ட்' முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். செங்கல் செலவு சுமார் 25 சதவீதம் வரை குறையும். உள்ளே நிற்கும் காற்று, வெயில் சூடு வீட்டுக்குள் இறங்குவதையும் குறைக்கும்.

இதைப் படித்ததும் நீங்கள் கொத்தனார் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் நாளைக்கு ஊரில் வீடு கட்டும்போது கான்ட்ராக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். வீடியோ 'எப்படி' என்று காட்டும். நல்ல கையேடு 'ஏன்' என்பதையும் சொல்லும்.

எது பழசாகாது? எது பழசாகும்?

கை வேலை அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. மரத்தில் இணைப்பு வெட்டுவது, துணி தைப்பது, உரக்குழி போடுவது எல்லாம் இன்றும் அதே முறைதான். மருந்து, பூச்சிக்கொல்லி, பெயின்ட் பற்றிய பக்கங்கள்தான் சிக்கல்.

* பூச்சிக்கொல்லி: பழைய தோட்டப் புத்தகங்கள் டி.டி.டி.யைச் சாதாரணமாகப் பரிந்துரைக்கும். இந்தியாவில் விவசாயத்துக்கு அதைப் பயன்படுத்த 1989-ல் தடை வந்தது. எண்டோசல்ஃபானுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

* மருத்துவம்: டேவிட் வெர்னர் எழுதிய 'வேர் தேர் இஸ் நோ டாக்டர்' உலகெங்கும் கிராம சுகாதாரப் பணியாளர்களிடம் புழங்கிய புத்தகம். அதன் பழைய பதிப்பு கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மருந்து அளவை அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கலவையையே உலக சுகாதார நிறுவனம் 2002-ல் மாற்றி, உப்பு, சர்க்கரை இரண்டையும் குறைத்தது.

* பெயின்ட்: வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. 'பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள்' என்று புத்தகம் சொன்னால் உஷார். அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆபத்து.

* அளவுகள்: மெட்ரிக் முறைக்கு முந்தைய புத்தகங்களில் சேர், தோலா என்றிருக்கும். 80 தோலா கொண்ட சேர் சுமார் 933 கிராம். ஆனால் சேர் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். எந்த ஊர்ப் புத்தகம் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

எங்கே தேடலாம்?

டெல்லியில் இருப்பவர்களுக்கு தர்யாகஞ்ச் ஞாயிறு புத்தகச் சந்தை. 2019-ல் இது ஆசஃப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட்டுக்கு மாறியது. கொல்கத்தா என்றால் காலேஜ் ஸ்ட்ரீட், மும்பை என்றால் ஃப்ளோரா ஃபவுன்டன் நடைபாதை, பெங்களூரு என்றால் சர்ச் ஸ்ட்ரீட். ஆன்லைனில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ் நூல்களை இலவசமாகப் படிக்கலாம்.

வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, எந்த வருடப் பதிப்பு? இரண்டு, படங்களும் மடிப்புத் தாள்களும் முழுசா இருக்கா? செய்முறைப் புத்தகத்தில் ஒரு படம் போனால் அந்த வேலையே போச்சு. மூன்று, ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கா? இருந்தால் மற்ற புத்தகங்களோடு சேர்த்து அடுக்காதீர்கள்.

ஸ்கேன் செய்து பகிரலாமா?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து இது கணக்கிடப்படும். பேக்கர் மறைந்தது 2007-ல். அவருடைய எழுத்துகளுக்கு 2067 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. உங்கள் சொந்தப் படிப்புக்குச் சில பக்கங்களைப் படமெடுப்பது வேறு. முழுப் புத்தகத்தையும் பி.டி.எஃப். ஆக்கி, உரிமையாளர் அனுமதியில்லாமல் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது வேறு.

எங்கிருந்து தொடங்குவது?

மொத்தமாக வாங்கி அலமாரியை நிரப்ப வேண்டாம். இந்த வருடம் கற்றுக்கொள்ள விரும்பும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரு புத்தகம் வாங்குங்கள். செய்து பார்த்துவிட்டு, மாறிப்போன விவரத்தை பென்சிலால் ஓரத்தில் குறித்து, தேதியும் போடுங்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பவர் பழைய தகவலை நம்பி ஏமாற மாட்டார்.